குமரி மாவட்டத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் நடத்துவது எப்படி?

சீனியரிடம் சில ஆண்டுகள் இருந்துவிட்டு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ குழித்துறையிலோ தனியாக அலுவலகம் போட நினைக்கும் வழக்கறிஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் மேசை, சுழல் நாற்காலி, பெயர்ப்பலகை என்று கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். வழக்கே வராமல் மூடிய அலுவலகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்த வழக்கின் தேதியையும் பணத்தையும் காகிதத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளாமல் மூடியவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். நான்காவது படி முடியாமல் ஐந்தாவதற்குப் போனால், முதல் பத்து வழக்குகளிலேயே ஏதாவது ஒன்றில் தேதி தவறிவிடும்.

1. வாடகைக்கு இடம் பார்க்கும் முன்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி, தொழில் செய்வதற்கான சான்றிதழ் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பதிவு செய்ததுமே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துத் தேர்வைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தனி வக்காலத்து போடத் தொடங்கிய பிறகு யாராவது ஆட்சேபித்தால், சங்கடம் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பிய கட்சிக்காரருக்கும்தான்.

இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு, நீங்கள் அமரப்போகும் ஊரின் வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கை, ஒரு நல்ல ஸ்கேனர், வக்காலத்துக்குத் தேவையான நலநிதி வில்லைகள் ஆகியவற்றையும் இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். காலக்கெடுவின் கடைசி நாளில் உட்கார்ந்து கடவுச்சொல் தேடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

குற்றவியல் வழக்கு எடுப்பதாக இருந்தால் பழைய சட்டங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவும் மற்ற இரண்டு புதிய சட்டங்களும் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு செட் புத்தகங்களும் மேசையில் இருந்தாக வேண்டும்.

பணம்: அலுவலக வாடகை, மின்சாரம், பெட்ரோல், குமாஸ்தா சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஆகும் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஆடம்பரத்துக்காக இதைச் சொல்லவில்லை. கையில் காசில்லாத வக்கீலுக்கு வழக்கை மறுக்கும் தைரியம் வராது. தொடக்கத்தில் எடுத்த இரண்டு மோசமான வழக்குகள் அடுத்த ஐந்தாண்டு நேரத்தைத் தின்றுவிடும்.

சீனியரிடமிருந்து விடைபெறும்போது அவருடைய கட்சிக்காரர் யாரையும் கையோடு அழைத்து வராதீர்கள். அவர்களே தேடி வந்தாலும், ஏற்கெனவே வக்காலத்து இருக்கும் வழக்கில் அந்த வக்கீலின் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அவர் சம்மதம் தராவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். நம்முடையது சின்ன மாவட்டம். காலையில் வாங்கிய வழக்குக் கட்டு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்பது மதியச் சாப்பாட்டுக்குள் பார் அசோசியேஷன் முழுக்கத் தெரிந்துவிடும்.

2. உங்கள் தாய் நீதிமன்றம் எது?

மாவட்ட நீதிமன்றம் நாகர்கோவிலில் இருக்கிறது. அது தவிர பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று நீதிமன்றங்கள் பரவிக் கிடக்கின்றன. வரைபடத்தில் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். காலை பத்து மணிக்குப் பார்வதிபுரத்திலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் வரை ஒருமுறை போய்ப் பார்த்தவருக்கு உண்மை புரியும்.

எல்லா நீதிமன்றத்திலும் காலையில் ஒரே நேரத்தில்தான் வழக்குகளை அழைப்பார்கள். நாகர்கோவிலில் ஒரு சாட்சி விசாரணையும் குழித்துறையில் ஒரு தடையுத்தரவு வாதமும் ஒரே நாளில் விழுந்தால் ஒன்று கெடும். அதனால் ஒரு நீதிமன்றத்தைத் தாய் நீதிமன்றமாகக் கொள்ளுங்கள். அதே சாலையில் இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலும் பூதப்பாண்டியும் ஒரு ஜோடி. பத்மநாபபுரமும் இரணியலும் ஒரு ஜோடி. குழித்துறையில் அமர்கிறவருக்கு விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து நில வழக்குகளே போதும்.

மற்ற ஊர் வழக்கு வந்தால் அந்த ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் அனுப்பிவிடுங்கள், அல்லது அவரோடு சேர்ந்து வக்காலத்து போடுங்கள். அனுப்பியவருக்கு அவரும் ஒருநாள் அனுப்புவார்.

மேல்முறையீடுகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது தொடங்கிய பிறகு நமக்குச் சென்னைப் பயணம் ஒழிந்தது. ஆனாலும் மதுரை இன்னும் அரை நாள் பயணம்தான். அங்கே ஒரு வழக்கறிஞரோடு முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். தீர்ப்பு எதிராக வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். நகல் கிடைக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள் மேல்முறையீட்டுக் கெடுவின் கணக்கில் சேரா. மனுப் போடாமல் நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் சேரும்.

3. பலகை, விளம்பரம், தரகர்

இது சுருக்கமான பகுதி, ஏனென்றால் செய்யக் கூடியது கொஞ்சம்தான். பார் கவுன்சில் விதி 36-இன்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது, ஆளைத் தேடிப்போய் வழக்குப் பிடிக்கக் கூடாது. பலகை அளவாக இருக்க வேண்டும். சங்கப் பதவியையும் 'இந்த வகை வழக்கில் நிபுணர்' என்பதையும் அதில் போடக் கூடாது. 2008-இல் வந்த திருத்தத்தின்படி சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறைகளில் பணி என்ற அளவில் தகவல் தரலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதைக் கடுமையாகக் கண்டித்து, அப்படிச் செய்கிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வென்ற தீர்ப்பின் படத்தைப் போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

விபத்து வழக்குகளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே தரகர் நிற்பார். கமிஷன் கேட்பார். விதி மீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தரகர் கொண்டுவந்த கட்சிக்காரர் உங்கள் கட்சிக்காரரே அல்ல. பணம், கையெழுத்து, சமரசம் எல்லாவற்றிலும் அவர் தரகரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

4. முதல் வழக்கு வரும் முன் மூன்று பதிவேடுகள்

முதலாவது, வாய்தா டைரி. கடையில் கிடைக்கும் டைரியில் நீதிமன்றம், வழக்கு எண், கட்சிகள் பெயர், முந்தைய வாய்தா, அடுத்த வாய்தா என்று கட்டம் போட்டிருக்கும். அது போதாது. வலது ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு 'இடையில் என்ன வேலை, யார் செய்வது' என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான டைரிகளில் 'எதிருரைக்காக' (வழக்குரைக்கு எதிர்த்தரப்பு தரும் பதிலுக்காக) என்று எழுதி அடுத்த தேதி போட்டிருப்பார்கள். அந்த எதிருரையைத் தயாரிக்கக் கட்சிக்காரரை எந்த நாள் அழைப்பது, பத்திர நகல் யார் வாங்குவது என்பது எங்கேயும் இருக்காது. வாய்தாவுக்கு முந்தின இரவுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

இரண்டாவது, கெடுப் பதிவேடு. இதைத் தனி நோட்டில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்னும் தாக்கல் செய்யாத வழக்குக்கு நீதிமன்றத் தேதி கிடையாது. எனவே அது வாய்தா டைரியின் கண்ணில் படாது. காலாவதியாவதும் அப்படிப்பட்ட வழக்குகள்தான். ஒருவர் ஆவணங்களைக் கொடுத்து, நீங்கள் 'பார்க்கிறேன்' என்று சொன்ன அன்றே, கடைசி நாள், அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு என்று மூன்று இடத்தில் எழுதிவிடுங்கள்.

அடிக்கடி தேவைப்படும் கெடுக்கள் இவை. கடன் பத்திரத்தின் மீது பண வழக்குக்கு 3 ஆண்டு. உரிமை விளம்புகைக்கும், அதாவது சொத்து இன்னாருடையது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்பதற்கும், 3 ஆண்டு. உரிமையின் அடிப்படையில் நிலத்தின் அனுபவத்தை மீட்க 12 ஆண்டு. ஒரு தரப்பு வராததால் தந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்க 30 நாள். மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். எதிருரைக்கு 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை. அரசு மீது வழக்கென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80-இன்படி அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

செக் வழக்கில் கெடு சங்கிலியாக வரும். செக் பணமாகாமல் திரும்பியதற்கான வங்கி மெமோ கிடைத்து 30 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்பு போய்ச் சேர்ந்து 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் நடுவில் இருக்கிறது. அறிவிப்பை அனுப்பிய தேதியிலிருந்து எண்ணிவிட்டு 15 நாள் முடியுமுன்பே புகார் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்த புகார் நிற்காது. தபால் ஒப்புகை அட்டை வரும் வரை காத்திருக்காமல், அஞ்சல் துறையின் தளத்தில் ட்ராக் செய்து, சேர்ந்த தேதியை அச்செடுத்துக் கட்டில் வையுங்கள். பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் புகார். மார்த்தாண்டம் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் நாகர்கோவிலில் கொடுக்க முடியாது.

மூன்றாவது, கட்சிக்காரர் பெயர்ப் பதிவேடு. அகர வரிசையில், இரு தரப்புப் பெயர்களும். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். ஆகவே தகப்பனார் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்த்து எழுத வேண்டும். இது எதற்கு என்பது அடுத்த பகுதியில்.

இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடமுள்ள சி.என்.ஆர். அடையாள எண்ணையும் சேர்த்து வைத்தால் அடுத்த வாய்தா தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி டைரியை விட்டுவிடாதீர்கள். பதிவேற்றம் தாமதமாகும் நாள் உண்டு. மாலையில் அரை மணி நேரம் டைரி, செயலி, கட்டின் மேலட்டை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. முதல் சந்திப்பு

கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கதையைத் தொடங்குவார். உடனே நிறுத்துங்கள். முதல் கேள்வி, 'எதிராளி யார், எந்த வீடு?' என்பதுதான். பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதையைக் கேட்க வேண்டும். முழுக் கதையையும் கேட்ட பிறகு எதிராளி உங்கள் பழைய கட்சிக்காரர் என்று தெரிந்தால் இரு பக்கமும் நிற்க முடியாமல் போய்விடும்.

பிறகு காகிதம். பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாம் வரும்: பழைய பிரமாணம் (சொத்துப் பத்திரம்), வீட்டு வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு நகல், யாரோ எழுதிக் கொடுத்த உடன்படிக்கை. வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே ஸ்கேன் எடுத்து அசலைத் திருப்பிக் கொடுங்கள். தாக்கலுக்காக அசல் வாங்கும்போது பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அசல் பத்திரம் காணாமற்போனால் எந்த வாதத் திறமையும் உங்களைக் காப்பாற்றாது.

நிலம் என்றால் நம் மாவட்டத்தில் கூடுதலாக நாலு விஷயம் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் வந்த வினை இது. மற்ற மாவட்டத்தில் ஜூனியராக இருந்துவிட்டு இங்கே வருகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஆண்டு. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில், ஆண்டு பிறக்கும். அங்கிருந்து டிசம்பர் முடிய 824-ம், ஜனவரி முதல் 825-ம் கூட்ட வேண்டும். 1092 சிங்கம் என்றால் 1916; 1092 மகரம் என்றால் 1917. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு வழக்குரையில் ஓர் ஆண்டு தவறாக எழுதினால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதையே பிடித்துத் தொங்கும்.

மொழி. மலையாளப் பத்திரமாக இருந்தால் மொழிபெயர்ப்பை முதல் வாரமே ஏற்பாடு செய்யுங்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சர்வே எண். பழைய எண்ணும் மறு அளவை எண்ணும் வேறு வேறு. பத்திரத்தில் பழையது, பட்டாவில் புதியது. இரண்டையும் இணைக்கும் பதிவேட்டின் நகல் இல்லாமல் சொத்து விவரம் எழுதாதீர்கள். பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்தில் எடுத்துவிடலாம். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

வாரிசு. இதுதான் பெரிது. 'அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்டால், 'இரண்டு பேர் சார்' என்று பதில் வரும். 'பெண் பிள்ளைகள்?' என்று தனியாகக் கேட்க வேண்டும். 'மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதே' என்பார். கட்டிக் கொடுத்ததால் பங்கு போய்விடாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால், 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைத்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இந்துக் குடும்பம் என்றால் இறந்த தேதி 1956 ஜூன் 17-க்கு முன்பா பின்பா என்று பாருங்கள். முன்பு என்றால் நாயர், ஈழவர், நாஞ்சில்நாட்டு வேளாளர் ஆகியோருக்குத் தனித்தனியே இருந்த திருவிதாங்கூர்ச் சட்டங்களைப் புரட்ட வேண்டி வரும். எனவே மதம், சமூகம், இறந்த தேதி ஆகிய மூன்றையும் கேட்காமல் பங்குக் கணக்குச் சொல்லாதீர்கள். மேசையில் வாய்தவறிச் சொன்ன பங்கு, வீட்டில் போய் வாக்குறுதியாகிவிடும்.

பிள்ளைகளில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். அவர் அங்கே தூதரகத்தில் எழுதி அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு (பவர்), இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். உறை வந்த தேதியைக் காட்டும் தபால் உறையையே பத்திரத்தோடு பின் செய்து வையுங்கள். எத்தனையோ பேர் அந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வந்து நிற்கிறார்கள்.

6. கட்டணம் பேசுவது

பேசத் தயங்குவதுதான் இங்கே முதல் தவறு. 'பார்த்துக் கொடுங்கள்' என்று சொன்ன வக்கீலுக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

கட்டணத்தையும் செலவையும் பிரித்து ஒரே தாளில் எழுதுங்கள். கட்டணத்தை நிலை நிலையாகப் பிரியுங்கள்: வழக்குரை தாக்கல், தடையுத்தரவு மனு, சாட்சி விசாரணை, வாதம். மொத்தமாக ஒரு தொகை பேசினால் பாதியை முதலிலேயே வாங்கிவிட்டு, வழக்கு ஏழெட்டு ஆண்டு ஓடும்போது மீதியைக் கேட்க உங்களுக்கே கூச்சமாகிவிடும். நிலை நிலையாகப் பேசினால், எந்த வேலை முடிந்தது, அதற்கு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும்.

செலவில் பெரியது நீதிமன்றக் கட்டணம். 2017-இல் அது ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பிறகும் 20 லட்ச ரூபாய் கேட்டுப் போடும் வழக்குக்கு 60,000 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரர் கூட்டு அனுபவத்தில் இருக்கிறாரா, வெளியேற்றப்பட்டவரா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். கூட்டு அனுபவம் என்றால் நிலையான சிறு தொகை. வெளியேற்றப்பட்டவர் என்றால் அவருடைய பங்கின் சந்தை மதிப்பில் கணக்கு. கட்டணத்தை மிச்சப்படுத்த 'கூட்டு அனுபவம்' என்று எழுதிவிட்டு, கீழே ஐந்தாவது பத்தியில் 'எதிரிகள் எங்களை உள்ளே விடவில்லை' என்று எழுதுவது வழக்கமான அபத்தம்.

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம், கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசுவதற்குத் தடை இருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கில் சதவீதம் கேட்கும் பழக்கம் பரவலாக இருப்பதால் அது சரியாகிவிடாது. கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைக்கவும் உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அவர் செலவுக்குத் தந்ததும், அவருக்காக நீதிமன்றத்திலிருந்து வாங்கியதும் அதில் மட்டும் இருக்க வேண்டும். அதற்குக் கணக்கு வைப்பது விதிப்படி கட்டாயம். துபாயிலிருந்து அண்ணன் பணம் அனுப்புகிறார், வழக்கு தம்பி பெயரில் இருக்கிறது என்றால், ரசீது யார் பெயருக்கு, யாருடைய பேச்சைக் கேட்டு நடப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறியும் நாளில் அந்தத் தாள்தான் உங்களுக்குக் குடை.

7. தாக்கல்

வரிசை: முதலில் சொத்து விவரம், அடுத்து கட்சிகள், அடுத்து மதிப்பீடு, கடைசியில் வழக்குரை. பலர் வழக்குரையை உணர்ச்சியோடு எழுதி முடித்துவிட்டுச் சொத்து விவரத்தைக் குமாஸ்தாவிடம் விடுகிறார்கள். தீர்ப்பைப் பெற்ற பிறகு நிறைவேற்றப்போவது அந்தச் சொத்து விவரத்தைத்தான். நான்கு எல்லை, சென்ட் கணக்கு, பழைய எண், புதிய எண் எல்லாம் புல வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். முடிந்தால் இடத்தை நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ரப்பர்த் தோட்டத்துக்குள் இருக்கும் ஓடை பத்திரத்தில் இருக்காது, வழக்கின் உயிர் அதில் இருக்கும்.

நீதிமன்ற அலுவலகம் குறை சொல்லித் திருப்பியதால் ரிட்டர்ன் ஆகி வந்த மனுக்களின் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில மாதத்தில் அந்தந்த நீதிமன்ற அலுவலகம் என்னென்ன கேட்கும் என்ற பட்டியல் தானாக உருவாகிவிடும். ரிட்டர்னுக்குக் கொடுத்த அவகாசத்தையும் கெடுப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

எதிராளி முந்திக்கொண்டு தடையுத்தரவு வாங்கிவிடுவார் என்ற பயம் இருந்தால் கேவியட் போடலாம், அதாவது நம்மைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே மனு கொடுக்கலாம். அது 90 நாள்தான் செல்லும். 91-ஆம் நாளில் புதுப்பிக்க மறந்தவர்கள் ஏராளம்.

8. வழக்கு நடக்கும்போது

ஒவ்வொரு வாய்தா மாலையிலும் கட்சிக்காரருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: இன்று என்ன நடந்தது, அடுத்து எப்போது, அவர் வர வேண்டுமா. 'வக்கீல் போனையே எடுப்பதில்லை' என்ற புகார்தான் கட்சிக்காரரை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகிறது. தோற்றதற்காகக் கட்டை வாங்கிப்போகிறவர்கள் குறைவு.

சாட்சித் தேதி கேட்கும் முன் சாட்சியின் தொழிலைப் பாருங்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலமும் இருப்பதால், எந்தத் துறைமுகத்துப் படகு என்று கேட்டுவிட்டு வாய்தா கேளுங்கள். மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. மேற்குக் கரைக்காரருக்கு ஜூன், ஜூலைதான் வாய்ப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் விடுமுறைத் தேதியையும் இதேபோல டிக்கெட் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

சமரசத்துக்கு வழி தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் அந்தச் சலுகை உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. அண்ணன் தம்பி நில வழக்கில் ஒரு சர்வேயரையும் இரு தரப்பு வக்கீல்களையும் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று பேசினால் ஒரு மதியத்தில் முடிவது, கோர்ட்டில் பத்தாண்டு ஓடும்.

9. ஆள் சேர்ப்பது

முதலில் குமாஸ்தா, பிறகு ஜூனியர். நகல் மனு, சம்மன் செலவுக்கான பேட்டா கட்டுவது, ரிட்டர்ன் எடுப்பது போன்ற வேலைகளை நீங்களே ஓடிச் செய்தால் உங்கள் வழக்கை அழைக்கும்போது நீங்கள் நீதிமன்ற அலுவலகச் செக்ஷனில் நிற்பீர்கள். அனுபவமுள்ள குமாஸ்தா உங்களைவிட நீதிமன்ற அலுவலகத்தை நன்றாக அறிவார். ஆனால் கட்டணம் பேசுவதையும் சட்ட ஆலோசனை சொல்வதையும் அவர் கைக்கு விடக் கூடாது. பணம் வாங்கினால் ரசீதுப் புத்தகத்தில்தான் வாங்க வேண்டும்.

ஜூனியருக்குச் சம்பளம் கொடுங்கள். 'தொழில் கற்றுத் தருகிறோமே' என்ற பழைய வாதம் இனி எடுபடாது. 2024-இல் இந்திய பார் கவுன்சில் நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சமாகக் கொடுக்கப் பரிந்துரைத்திருக்கிறது. அந்தத் தொகையைக் கொடுக்க இயலாத நிலையில் இருந்தால் ஜூனியர் எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள். எடுத்த பிறகு வாய்தா வாங்க மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு சிறிய வழக்கையாவது தொடக்கம் முதல் தீர்ப்பு வரை அவரிடமே கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாண்டில் அவரும் போய்விடுவார், நீங்களும் பழைய இடத்தில் நிற்பீர்கள்.

10. வளர்ப்பது

வாய்தா வழக்குகள் மெதுவாகத்தான் பணம் தரும். இடையில் அலுவலகம் ஓட வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போகாத வேலைகள் வேண்டும்: சொத்து வாங்குமுன் பத்திரம் சரிபார்ப்பது, உயில், அதிகாரப் பத்திரம், பாகப் பத்திரம் எழுதுவது, வங்கிகளுக்குச் சட்டக் கருத்து. ஐந்தாவது பகுதியில் சொன்ன பழைய பத்திரங்களைப் படிக்கப் பழகியவருக்கு இங்கே போட்டி குறைவு. சட்டக் கருத்தில் கையெழுத்திடும்போது கட்டணம் சிறிது, பொறுப்பு பெரிது. மூலப் பத்திரம் பார்க்காமல் நகலை வைத்து எழுதிக் கொடுக்காதீர்கள்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். கட்டணம் சொற்பம்தான். ஆனால் தொடக்க ஆண்டுகளில் முழு விசாரணை நடத்தும் வாய்ப்பு அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

வரவு செலவை முதல் மாதத்திலிருந்தே எழுதுங்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் வழக்கறிஞர், அதில் பாதியை லாபமாகக் காட்டி வருமான வரி கட்டும் எளிய முறை இருக்கிறது. சிறிய அலுவலகத்துக்கு அது தோதாக இருக்கும். ஆனால் உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறதா என்று தெரிய, கணக்கு எழுதியிருக்க வேண்டுமே.

ஆண்டுக்கொரு முறை, மே விடுமுறையில், எல்லாக் கட்டுகளையும் இறக்கி வைத்துப் பாருங்கள். முடிந்த வழக்குகளின் அசல் ஆவணங்களைக் கட்சிக்காரரை அழைத்துப் பட்டியல்படி திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நிறைவேற்றுதல் மனுவுக்கு 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று தூங்கும் தீர்ப்புகளைக் கெடுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கட்டணமும் தராமல் பதிலும் சொல்லாமல் இருப்பவர்களுக்கு ஒப்புகையோடு தபாலில் எழுதி, நீதிமன்ற அனுமதியோடு வக்காலத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் நீதிமன்றம் திறக்கும்போது எத்தனை கட்டு மேசையில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை புதிய வழக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.